கீழே யார் அடுப்பு வைத்திருக்கிறார்கள்?

ராமநாதபுரம் கடற்கரையோரம், உச்சிப்புளிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டில் 1,100 அடி ஆழத்துக்குப் போட்ட போர் ஒன்று உண்டு. மோட்டாரைப் போட்டுக் கால் மணி நேரம் ஓடவிட்டுக் குடத்தைப் பிடித்தால், தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வரும். சித்திரை வெயிலிலும் அப்படித்தான், மார்கழி விடியலிலும் அப்படித்தான். என் மதினி அந்தக் குடங்களை முற்றத்தில் வரிசையாக வைத்து, வெள்ளைத் துணியால் வேடுகட்டி, இரவு முழுக்க ஆறவிட்டுத்தான் குடிக்க எடுப்பார். பணி ஓய்வு பெற்று நான் ஊருக்குத் திரும்பிய புதிதில், ஒரு நாள் குடத்தை இறக்கி வைத்தபடியே அவர் கேட்டார்: "தம்பி, நீங்க முப்பது வருசமா இந்த வேலதான பாத்தீங்க. கீழ யாரு அடுப்பு வச்சிருக்கா? தெரிஞ்சாச் சொல்லுங்களேன்."

அடுப்பு எரிகிற காரணத்தைச் சொல்வது எளிது. பூமி உருவானபோது அடைபட்ட வெப்பத்தில் மீதமிருப்பது ஒரு பங்கு. பாறைகளில் சிறிதளவே கலந்திருக்கும் யுரேனியமும் தோரியமும் கதிரியக்கப் பொட்டாசியமும் ஓயாமல் சிதைந்து வெளிவிடும் வெப்பம் இன்னொரு பங்கு. இந்த இரண்டும் சேர்ந்து மேல்நோக்கிக் கசிவதால், பெரும்பாலான இடங்களில் ஒரு கிலோமீட்டர் கீழே போனால் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறுகிறது. இதை மதினியிடம் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டேன். ஆனால் அந்தச் சூடு இத்தனை டிகிரி என்று எப்படித் தெரியும் என்பது வேறு கேள்வி. எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் கருவிகளைக் கேபிளில் கட்டி இறக்கி அளவெடுக்கும் லாகிங் வேலையில் என் காலம் முழுவதும் அந்தக் கேள்வியோடுதான் கழிந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கிணற்றின் அடியில் இருக்கும் சூட்டை அளக்க எங்களிடம் இருந்தது பாதரச வெப்பமானிதான். ஆஸ்பத்திரியில் நாக்கின் அடியில் வைக்கும் வெப்பமானியைப் போலவே அதன் கண்ணாடிக் குழலும் ஓரிடத்தில் ஒடுங்கியிருக்கும். சூட்டில் விரிந்து மேலேறிய பாதரசம், சூடு தணிந்த பின்னும் அந்த ஒடுக்கத்தைத் தாண்டித் தானாகக் கீழே இறங்காது. கையால் உதறினால்தான் இறங்கும். கிணற்றுக்கு இந்த வகைதான் வேண்டும் என்பதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. சாதாரண வெப்பமானியை மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு இறக்கி மேலே இழுத்தால், அது வரும் வழியெல்லாம் குளிர்ந்துகொண்டே வந்து, நம் கையில் சேரும்போது நம் முற்றத்தின் சூட்டைத்தான் காட்டும். உச்ச வெப்பமானியோ தான் சந்தித்ததிலேயே அதிகமான சூட்டை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். கிணற்றில் மிகச் சூடான இடம் அதன் அடிதான் என்பதால், அது காட்டும் எண்ணை அடியின் எண்ணாக எடுத்துக்கொள்வோம்.

அந்த நம்பிக்கை எங்கே உடையும் என்பதை இந்தக் கரையில்தான் கற்றேன். ஒரு மே மாதம். 450 மீட்டர் மட்டுமே ஆழமான ஒரு துளையில் கருவியை இறக்கி ஏற்றினோம். மூன்று வெப்பமானிகளும் 52 டிகிரி காட்டின. மூன்றும் ஒன்றுபோலக் காட்டியதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எண்ணைத் தாளில் எழுதிவிட்டேன். எங்கள் மூத்த பொறியாளர் தாளை வாங்கிப் பார்த்தார், வெப்பமானிகள் இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தார், பிறகு கேட்டார்: "தம்பி, உதறிட்டுத்தான் இறக்குனீங்களா?" காலையில் உதறியிருந்தேன். அதன் பின் அந்த இரும்புப் பெட்டி வண்டியின் மேல் நான்கு மணி நேரம் வெயிலில் கிடந்தது. "அப்ப இது கெணத்துச் சூடு இல்ல, வெயில் சூடு" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அந்த ஆழத்தில் இருக்க வேண்டியது நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு டிகிரிதான். கருவியோ துளைக்குள் போவதற்கு முன்பே தன் வாழ்நாளின் உச்சத்தைப் பார்த்துவிட்டது. அன்று பனிக்கட்டி வாங்கிவரச் செய்து, வெப்பமானிகளை அதில் குளிரவைத்து, உதறி, ஈரச் சாக்கில் சுற்றியபடியே துளைவாய் வரை கொண்டுபோய் மறுபடி இறக்கினோம். பிற்காலத்தில் மின்தடையைக் கொண்டு வெப்பத்தைத் தொடர்ச்சியாகப் பதியும் கருவிகள் வந்த பிறகும், எந்த எண்ணைப் பார்த்தாலும் இது யாருடைய சூடு, எப்போதைய சூடு என்று கேட்கும் பழக்கம் எனக்கு அந்த நாளிலிருந்து ஒட்டிக்கொண்டது.

ஆழமான கிணறுகளில் சிக்கல் வேறு திசையிலிருந்து வரும். துளையிடும்போது குழாய் வழியாகச் சேற்றுக் கரைசலைக் கீழே அனுப்பி, வெட்டிய கல்துகள்களோடு அதை மேலே கொண்டுவருவார்கள். துளையிடும் எந்திரமான ரிக்கில் எல்லோரும் அதை 'மட்' என்றுதான் சொல்வோம். மேலே ஆறிய மட் கீழே போய் அடிப்பாறையைக் குளிரவைக்கிறது. கீழே சூடேறிய மட் மேலே வரும்போது மேற்பகுதிப் பாறையைச் சூடாக்குகிறது. ஆகவே ஒரு பாறையின் சூட்டை அளக்க அதில் துளை போட்டோமானால், போட்ட கணத்திலேயே அந்தச் சூட்டைக் கெடுத்துவிடுகிறோம். பாறை பழைய நிலைக்கு முழுதாகத் திரும்ப வாரங்களோ மாதங்களோ ஆகும். ரிக்கின் ஒரு நாள் வாடகையை அறிந்தவர்கள் யாரும் அவ்வளவு காலம் காத்திருக்க விடமாட்டார்கள்.

அதற்காகத்தான் ஹார்னர் வரைபடம் என்ற வழி. ஒரு கணக்காக இதை வைத்துக்கொள்வோம். 2,600 மீட்டர் ஆழக் கிணற்றில் மட் சுற்றியது ஐந்து மணி நேரம். அதை நிறுத்திய ஆறாவது மணியில் கருவி 99 டிகிரி காட்டுகிறது. பதினோராவது மணியில் 104. பதினெட்டாவது மணியில் 107. ஒவ்வொரு முறையும், சுற்றிய நேரத்தையும் காத்திருந்த நேரத்தையும் கூட்டிக் காத்திருந்த நேரத்தால் வகுத்து, அதன் மடக்கையைக் கிடையச்சிலும் வெப்பத்தை நெட்டச்சிலும் குறித்தால், மூன்று புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே கோட்டில் விழும். அந்தக் கோட்டை, முடிவில்லாக் காலம் காத்திருந்தால் எங்கே போய் நிற்குமோ அந்த இடம் வரை நீட்டினால் 112 டிகிரி வரும். யாரும் அளக்காத அந்த 112தான் பாறையின் சூட்டுக்கு மிக நெருங்கிய மதிப்பீடு. அளந்து எழுதிய மூன்று எண்களும் பாறை தேறிவரும் வழியில் எடுத்த எண்கள். காய்ச்சல்காரருக்கு ஒரே ஒரு முறை வெப்பமானி வைத்துவிட்டு நோயைத் தீர்மானிக்கும் வைத்தியரை நாம் நம்புவதில்லை. அதுபோலக் காத்திருந்த நேரம் குறிக்கப்படாத வெப்ப அளவைத் தாளில் பார்த்தால் நான் அதை நம்புவதில்லை.

இப்போது பல இடங்களில் ஒளியிழையே வெப்பமானியாகிவிட்டது. துளையின் சுவர் சரியாமல் இறக்கிவைக்கும் கேசிங் குழாயை ஒட்டி அடிவரை செல்லும் கண்ணாடி இழைக்குள் லேசர் துடிப்பு ஒன்றை அனுப்புகிறார்கள். போகும் வழியெல்லாம் அந்த ஒளியில் மிகச் சிறு பங்கு சிதறித் திரும்பி வருகிறது. அதிலும் ஒரு துளிப் பங்கு, கண்ணாடியின் மூலக்கூறுகளோடு ஆற்றலைக் கொடுத்தும் வாங்கியும் நிறம் மாறித் திரும்புகிறது. அதுதான் ராமன் சிதறல். ஆற்றலை வாங்கிக்கொண்டு வரும் பங்கு, சூடான இடத்தில் கூடும், குளிர்ந்த இடத்தில் குறையும். கொடுத்துவிட்டு வருவதோடு அதை ஒப்பிட்டால் வெப்பம் தெரியும். ஒளி திரும்பிவர எடுத்த நேரத்தைப் பார்த்தால் இடம் தெரியும். இழையில் ஒரு மீட்டர் போய்வர ஒளிக்கு ஏறத்தாழ பத்து நானோவிநாடிகள் ஆகும் என்பதால், மீட்டருக்கு மீட்டர் சூட்டைப் படிக்க முடிகிறது. திருச்சிக்குப் பக்கத்தில் திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமன், 1921இல் கப்பலில் போகும்போது மத்தியதரைக் கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்கத் தொடங்கி, 1928இல் கல்கத்தாவில் வந்து சேர்ந்த விடை இது. ஒரு கடலின் நிறத்தைப் பற்றிய கேள்வி, வெளிச்சமே எட்டாத ஆழங்களின் சூட்டைச் சொல்லும் கருவியாக மாறியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

ஆழம் ஒன்றானாலும் சூடு ஒன்றாக இருப்பதில்லை என்பதற்கு, தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தைத்தான் எப்போதும் சொல்வேன். மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் அங்கே பாறையின் சூடு அறுபது சொச்சம் டிகிரி. வேலை செய்பவருக்கு அது கொடுமையான சூடு. ஆனால் எங்கள் கரையைப் போன்ற படிவுப் பகுதியில் அதே ஆழத்தில் நூறைத் தாண்டியிருக்கும். கோலாரின் பாறைகள் 250 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த நிலப்பகுதியைச் சேர்ந்தவை. அங்கே கீழிருந்து வரும் வெப்பமும் குறைவு, கெட்டிப் பாறை அதை எளிதில் கடத்தியும் விடுகிறது. இங்கோ பல ஆயிரம் அடி தடிமனுள்ள களிமண்ணும் மணற்கல்லும் கம்பளியைப் போல வெப்பத்தைப் போர்த்தி வைத்திருக்கின்றன. தேர்ந்தவர்களின் கணிப்பும் இதில் தவறியிருக்கிறது. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1989இல் 12,262 மீட்டர் ஆழத்தை எட்டியபோது, நூறு டிகிரி அளவில் எதிர்பார்த்த இடத்தில் 180 இருந்தது. மேற்கொண்டு துளையிட முடியாமல் போனதற்கு அந்தச் சூடு முக்கியக் காரணம். ஜெர்மனியின் ஆழ்துளை 1994இல் 9,101 மீட்டரில் நின்றபோது அங்கே சுமார் 265 டிகிரி.

இதுவரை சொன்னதெல்லாம் இன்றைய சூடு. வழுதூர் மின்நிலையத்துக்குப் போகும் எரிவாயு எங்கள் மண்ணுக்கு அடியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அப்படிப்பட்ட வாயு உருவாக, பழைய கடல்களிலும் சதுப்புகளிலும் புதைந்த உயிர்ப்பொருள் வேண்டிய அளவு வெந்திருக்க வேண்டும்: எண்ணெய்க்கு ஏறத்தாழ 60 முதல் 120 டிகிரி வரை, வாயுவுக்கு அதற்கும் மேல். அந்த வேக்காடு கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நடந்தது. அன்று எவ்வளவு சூடு இருந்தது என்பதற்கு இன்றைய வெப்பமானியால் பதில் சொல்ல முடியாது. பாறையிடம்தான் கேட்க வேண்டும்.

பாறைக்குள்ளும் உச்ச வெப்பமானி இருக்கிறது என்று அறிந்த அன்று, வெயிலில் கிடந்த அந்த இரும்புப் பெட்டிதான் என் நினைவுக்கு வந்தது. புதைந்த மரத்துணுக்குகள் கரியாகும்போது விட்ரினைட் என்ற பொருள் உண்டாகிறது. சூடு ஏற ஏற அதன் உள்ளமைப்பு ஒழுங்குபட்டு மேலும் மேலும் பளபளக்கும். பாறையை மெருகேற்றி, எண்ணெய்த்துளி இட்டு, நுண்ணோக்கியின் அடியில் வைத்து, விழும் ஒளியில் எத்தனை விழுக்காடு திரும்புகிறது என்று அளக்கிறார்கள். நெய்வேலி நிலக்கரி போன்ற இளங்கரியில் அது அரை விழுக்காட்டையும் எட்டாது; எண்ணெய் விளையும் பருவத்தில் 0.6 முதல் 1.3 வரை, ஆந்த்ரசைட் ஆகும்போது இரண்டுக்கு மேல். ஒரு முறை ஏறிய பளபளப்பு, பிறகு பாறை எவ்வளவு குளிர்ந்தாலும் குறைவதில்லை. பாதரசத்தையாவது உதறி இறக்கலாம், இதை எவராலும் உதற முடியாது. அதனால்தான் 80 டிகிரி மட்டுமே இருக்கும் ஒரு பாறையில் 150 டிகிரிக்குரிய பளபளப்பைக் கண்டால், முன்பு இன்னும் ஆழத்தில் புதைந்திருந்து பின்னால் மேலே வந்திருக்கிறது என்றோ, அருகே எரிமலைக் குழம்பு ஊடுருவியிருக்கிறது என்றோ யோசிக்கத் தொடங்குகிறோம்.

எப்போது குளிர்ந்தது என்று மட்டும் அந்தச் சாட்சி சொல்லாது. அதைச் சொல்வது அபடைட் என்ற கனிமம். நம் பல்லில் இருக்கும் பொருளின் உறவினம். அதற்குள் இருக்கும் யுரேனியம் அணுக்களில் எப்போதாவது ஒன்று தானாகப் பிளந்து, படிகத்தில் ஒரு கீறலை விட்டுச்செல்கிறது. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் அறுபதில் ஒரு பங்கு அளவுதான். நைட்ரிக் அமிலத்தில் சில விநாடிகள் நனைத்தால் நுண்ணோக்கியில் கருங்கோடுகளாகத் தெரியும். சுமார் 120 டிகிரிக்கு மேல் இந்தக் கீறல்கள் ஆறி மறைந்துவிடுகின்றன; 60க்கும் 120க்கும் இடையே சுருங்குகின்றன; அதற்குக் கீழே பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. எனவே எண்ணிக்கை காலத்தைச் சொல்லும், நீளம் சூட்டைச் சொல்லும். ஒன்று மறக்காத சாட்சி, இன்னொன்று சூட்டில் மறந்துவிடும் சாட்சி. இரண்டையும் சேர்த்து விசாரித்தால்தான் ஒரு பாறை எத்தனை டிகிரி வரை போய், எந்தக் காலத்தில் திரும்பியது என்பது துலங்கும்.

வைகை கடலைத் தொடும் ஆற்றங்கரைக்கு மாலையில் நடந்துபோவது என் வழக்கம். ஒருநாள் அலை திரும்பிய ஈர மணலில் இளஞ்சிவப்பாக ஒரு வரி கிடந்தது. ஒரு சிட்டிகை எடுத்துக் கைவில்லையில் பார்த்தேன். வெண்ணிறக் குவார்ட்ஸ் மணிகளுக்கு நடுவே, மாதுளை முத்தை நூறில் ஒன்றாகச் சிறுத்ததுபோல, விளிம்பு தேய்ந்த, கார்னெட் என்ற செந்நிறக் கனிமத்தின் துகள்கள். வைகைக்கு நீர் தரும் மலைகள், ஆழத்தில் கடும் சூட்டில் உருமாறிய பழைய கிரானுலைட் பாறைகளால் ஆனவை. கொடைக்கானல் மலையடிவாரத்தில் கெங்குவார்பட்டிப் பகுதியின் பாறைகளை நில அறிவியலாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதி ஒட்டியபோது, நிலத்தடியின் வெகு ஆழத்தில் அந்த வட்டாரப் பாறைகள் 900 டிகிரிக்கும் மேல் சூடேறியிருக்கின்றன.

அதை எப்படி அறிந்தார்கள்? கார்னெட்டும் அதை ஒட்டியிருக்கும் கருமைக்காவும் இரும்பையும் மக்னீசியத்தையும் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்கின்றன. அந்தப் பங்கு சூட்டைப் பொறுத்து மாறுகிறது. 1978இல் ஃபெர்ரியும் ஸ்பியரும் இதைச் சோதனைக்கூடத்தில் அளந்து கொடுத்தார்கள். ஆனால் இதிலும் வெயில் பெட்டிக் கதை தலைகீழாக உண்டு. மிகச் சூடான பாறை ஆறும்போது, இரு கனிமங்களும் உடனே பண்டமாற்றை நிறுத்துவதில்லை. கார்னெட்டின் விளிம்பில் அது தொடர்ந்துகொண்டே இருக்கும். விளிம்பை அளந்தால் ஆறும் வழியில் இருந்த சூடு கிடைக்கும். உச்சத்தைத் தேட மணியின் நடுப்பகுதிக்குப் போக வேண்டும், அதுவும் சில பாறைகளில் அழிந்திருக்கும். அப்போது சாஃபிரின் என்ற கனிமமும் குவார்ட்ஸும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அந்த ஜோடி அத்தனை சூடு இல்லாமல் பெரும்பாலும் சேராது. ஜிர்க்கான் என்ற கனிமத்துக்குள் நுழைந்த டைட்டானியத்தின் அளவும் உதவும். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாக் குன்றுகளின் ஜிர்க்கான் மணிகளில் மிக மூத்தது ஏறக்குறைய 440 கோடி ஆண்டு வயதுடையது. அங்கே 400 கோடி ஆண்டுகளைத் தாண்டிய மணிகள் பல, ஏறத்தாழ 700 டிகிரியில் படிகமானவை என்று 2005இல் இந்த வழியில்தான் கணித்தார்கள்.

தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பின் கூரையின்றி நிற்கும் தேவாலயச் சுவர்களிலும் வெப்பக் குறிப்பு இருக்கிறது. அந்தச் சுவரில் பவளக் கற்கள் இருக்கின்றன. கையை வைத்துப் பார்த்தால் பவள உயிர் வாழ்ந்த சிறு குழிகள் தேன்கூடுபோல விரலில் படும். பவளம் தன் கூட்டைக் கட்டும்போது கால்சியத்தோடு கொஞ்சம் ஸ்ட்ரோன்ஷியத்தையும் சேர்க்கும். கடல் குளிர்ந்தால் கூடுதலாக, சூடானால் குறைவாக. கனமான ஆக்சிஜனின் பங்கும் அப்படியே. இந்த ஆக்சிஜன் வழியை ஹெரால்டு யூரி 1947இல் முன்வைத்தார். 1951இல் அவரும் கூட்டாளிகளும் கணவாய்க்கு உறவான, அழிந்துபோன ஜுராசிக் காலத்துக் கடலுயிரான பெலம்னைட் ஒன்றின் வளர்வளையங்களை அளந்து, அது எத்தனை கோடையும் குளிரும் கண்டது என்பது வரை எண்ணிச் சொன்னார்கள். பவளமோ, மழைநீர் பட்டு மறுபடிகமானால் எழுதியதை இழந்துவிடும். இந்தக் கரையில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகக் காளவாயில் இட்டு எரித்த பவளப் பாறைகளை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. அத்தனை ஆண்டுகளின் கடற்சூட்டை நாம் படிக்காமலே நீற்றிவிட்டோம்.

மதினியின் கேள்விக்கு வருகிறேன். சென்ற பங்குனியில் போர் மோட்டார் பழுதாகி, குழாய்களையெல்லாம் உருவி மேலே எடுத்தார்கள். மறுநாளே புது மோட்டாரை இறக்கிவிடலாம் என்று மெக்கானிக் சொன்னார். நான் அண்ணனிடம் ஐந்து நாள் அவகாசம் கேட்டேன். அத்தனை நாளும் ஊருணியிலிருந்து தண்ணீர் சுமக்க வேண்டியிருந்தது மதினிக்குத்தான். அவர் சரியென்று சொன்ன பிறகுதான் அண்ணன் சம்மதித்தார். குழாய்களை உருவியதில் கலங்கிய தண்ணீர் அடங்கட்டும் என்று மூன்று நாள் துளையைத் தொடவில்லை. நான்காம் நாள் விடியலில், மீட்டர் மீட்டராகக் குறியிட்ட கம்பியில் சிறிய மின்வெப்பமானியைக் கட்டி, தண்ணீரைக் கலக்காமல் மேலிருந்து கீழாக இறக்கினேன். பத்து மீட்டருக்கு ஒரு முறை நிறுத்தி, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்தேன். அண்ணன் மகள் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள்.

இருபது மீட்டரில் 30 டிகிரி. நூறில் 32க்குச் சற்று மேல். அடியில், 330 மீட்டரில், 39.5. நூறு மீட்டருக்குக் கீழே புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தன; அந்தக் கோட்டைத் தரைவரை நீட்டினால் 29 வந்தது. மேலே அறுபது மீட்டர் வரை மட்டும் புள்ளிகள் கோட்டைவிட்டு விலகிச் சூடான பக்கம் சாய்ந்திருந்தன. தரையின் சூடு பாறைக்குள் மிக மெல்லத்தான் இறங்கும். ஓர் ஆண்டின் கோடையும் குளிரும் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் அடங்கிவிடும், நூறு ஆண்டுகளின் மாற்றம்தான் நூறு மீட்டர் அளவுக்கு எட்டும். ஆகவே அந்தச் சாய்வில் எங்கள் தாத்தா காலத்திலிருந்து தரை சூடேறி வந்த கணக்கும் இருக்கலாம், பக்கவாட்டில் ஓடும் நிலத்தடி நீரின் வேலையும் இருக்கலாம். அதைப் பிரித்தறிய அடுத்த தெருவிலும் சாயல்குடிப் பக்கத்திலும் பழுதாகிக் கிடக்கும் போர்களில் இதே வேலையைச் செய்ய வேண்டும் என்று நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

மதினி வந்து நோட்டைப் பார்த்தார். "மோட்டார் ஓடுனப்ப குழாயில எவ்வளவுனு அளந்தீங்க?" என்று கேட்டார். முன்பே அளந்திருந்தேன்: 37. "அப்ப வர்ற வழியிலேயே ரெண்டு டிகிரிக்கு மேல ஆறிருச்சு. மிச்சத்தத்தான் நான் ராத்திரி முழுக்க ஆத்துறேன்" என்று சொல்லிவிட்டு, காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊருணிக்கு நடந்தார். ஐந்தாம் நாள் சாயங்காலம் மோட்டாரை இறக்கினோம்.